காசியில் ஐவருக்கு ஒரு வீடு

காசிக்குப் புறப்படுவோர், திரும்பி வருவது உறுதியில்லை என்று எண்ணி, சொத்துக்கு ஏற்பாடு செய்து, உற்றாரிடம் விடைபெற்றுக்கொண்டு வாசற்படி இறங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று காலையில் சென்னையில் விமானம் ஏறியவர் மாலையில் தசாசுவமேத கட்டத்தில் கங்கை ஆரத்தி காண்கிறார். போவது எளிதாகிவிட்டது. எங்கே தங்குவது என்பதே இப்போது குடும்பங்களில் நெடுநேரம் பேசப்படும் கேள்வி. அதிலும் பிள்ளைகள் வளர்ந்து, ஆளுக்கு ஓர் ஊரில் வேலை பார்த்து, ஆளுக்கு ஒரு பழக்கத்தோடு வாழத் தொடங்கிய பிறகு, அக்கேள்விக்கு விடை காண்பது அத்தனை எளிதன்று.

மயிலாடுதுறையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தினர் பங்குனி மாதத்தில் மேற்கொண்ட யாத்திரை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காசிக்கு நிகராகப் போற்றப்படும் காவிரிக்கரைத் தலங்களுள் ஒன்று அவர்களது ஊர். குடும்பத் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய மனைவிக்கு அறுபத்தைந்து வயது. சில ஆண்டுகளாக முழங்கால் வலி. மகனும் மருமகளும் பெங்களூரில் இருக்கிறார்கள். மகள் புனேயில் பணிபுரிகிறாள். ஐவரும் ஒரே கூரையின்கீழ் நான்கு நாட்கள் சேர்ந்தாற்போல் இருந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தீபாவளிக்கு வந்தாலும் மறுநாளே ரயிலுக்குக் கிளம்பும் பிள்ளைகள்.

மூன்று விருப்பங்கள்

தலைமையாசிரியர் தம் இருபத்தோராவது வயதில் பெற்றோருடன் காசிக்குச் சென்றவர். அப்போது தங்கியது கோதௌலியாவுக்கு அருகிலுள்ள நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில். 1863-இல் தொடங்கப்பெற்ற அறப்பணி அது. விசுவநாதர் பூஜைக்குரிய பொருட்களை நாள்தோறும் ‘சம்போ’ முழக்கத்துடன் சத்திரத்திலிருந்து சந்நிதிக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் இன்றளவும் தொடர்கிறது. ஒரே கூடம், வரிசையாக விரித்த பாய்கள், விடியுமுன் தந்தை எழுப்பிய குரல்: அவருக்குக் காசி என்றால் இவைதாம். மீண்டும் அங்கேயே தங்கலாம் என்பது அவர் எண்ணம்.

மகனுக்கு அது ஒவ்வவில்லை. “ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் எனக்கு ஆபீஸ் வேலை இருக்கும்பா. ஒரே கூடத்துல எல்லாரும் படுத்தா யாருமே தூங்க முடியாது” என்றான். ரயில் நிலையத்துக்கு அப்பாலுள்ள கண்டோன்மென்ட் பகுதியில், லிஃப்ட் வசதியுள்ள ஹோட்டலில் மூன்று அறைகள் எடுப்பதே சரி என்பது அவன் கருத்து. அங்கே சாலைகள் அகலமானவை. வாசல் வரை கார் வரும். ஆனால் கங்கைக்கரை சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. விடியற்காலை நீராடலுக்கும் மாலை ஆரத்திக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி பிடித்து, நெரிசலைக் கடந்து வர வேண்டும்.

மகள்தான் மூன்றாவது வழியைச் சொன்னாள். “ஹோட்டல்ல மூணு ரூம் எடுத்தா நாம மூணு குடும்பமா ஆயிடுவோம். லிஃப்டுலதான் பார்த்துக்குவோம். ஒரு வீடா எடுக்கலாம்.”

நாள் வாடகைக்குக் கிடைக்கும் இத்தகைய வீடுகள் காசியில் இப்போது பலவாகப் பெருகிவிட்டன. சமையலறை, கூடம், இரண்டு அல்லது மூன்று படுக்கையறைகள் கொண்டவை அவை. செலவுக் கணக்குப் பார்த்தபோது, மூன்று ஹோட்டல் அறைகளின் வாடகையைவிட வீட்டு வாடகை குறைவாகவே இருந்தது. தந்தையும் இசைந்தார்.

எந்தப் பகுதி?

காசியில் கங்கை வடக்கு நோக்கித் திரும்பி ஓடுகிறாள். நகரம் மேற்குக் கரையில் மட்டுமே எழுந்திருப்பதால், ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் எதிர்க்கரையில் சூரியோதயம் காணலாம். தெற்கே அஸியிலிருந்து வடக்கே ஆதிகேசவம் வரை ஆறேழு கிலோமீட்டர் நீளத்துக்கு எண்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள். எந்தக் கட்டத்துக்குப் பின்னால் வீடு அமைகிறது என்பதைப் பொறுத்தே யாத்திரையின் போக்கும் அமையும்.

விசுவநாதர் கோயிலைச் சுற்றிய சந்துகள் முதலாவது பகுதி. 2021 டிசம்பர் 13-ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய வளாகத்தால் கோயிலிலிருந்து கங்கை வரை பரந்த வெளி கிடைத்துள்ளது. ஆயினும் சுற்றியுள்ள சந்துகள் பழையபடியே இருக்கின்றன. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டும். மாடு வந்தால் இருவரும் ஒதுங்க வேண்டும். அன்னபூரணி, விசாலாட்சி, துண்டி விநாயகர் சந்நிதிகள் யாவும் நடைதூரத்தில் இருப்பது இங்கே தங்குவோர் பெறும் பேறு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருப்பது இதன் சிரமம்.

தெற்கிலுள்ள அஸி, லங்கா பகுதிகள் இரண்டாவது. 1916-இல் தோன்றிய காசி இந்துப் பல்கலைக்கழகம், துர்க்கா குண்டம், சங்கட மோசன அனுமன் ஆலயம் ஆகியவை இப்பக்கம். புதிய அடுக்குமாடி வீடுகளும் லிஃப்டும் இங்கே கிடைக்கும். விசுவநாதர் சந்நிதிக்குச் செல்ல ஆட்டோ வேண்டும்.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கேதார் கட்டம், அனுமன் கட்டம் சார்ந்த பகுதி தென்னாட்டவருக்கு நெருக்கமானது. கேதார கட்டத்தின்மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு தீட்டிய கேதாரேசுவரர் கோயில். அருகில் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபர சுவாமிகளின் அருளால் தழைத்த குமாரசாமி மடம். அதன் தொடர்ச்சியே நம் திருப்பனந்தாள் காசி மடம். அனுமன் கட்டத்தில் தமிழ் பேசும் புரோகிதர்கள் இருக்கிறார்கள். பாரதியார் 1898-இல் காசிக்கு வந்து, அத்தை வீட்டில் தங்கிப் படித்ததும் அங்கேதான்.

படிகளின் கணக்கு

மகன் கைப்பேசியில் தேடி ஒரு வீட்டைத் தேர்ந்தான். கங்கையை நோக்கிய மேல்மாடி, சன்னலில் படகுகள், அதிகாலைப் பொன்னொளி. படங்களைக் கண்ட தந்தைக்கும் மனம் நிறைந்தது. முன்பணம் செலுத்துமுன் மகள் ஒரு வேலை செய்தாள். வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்து ஹிந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து படுக்கும் கட்டில் வரை எத்தனை படி?”

அவர் நேர்மையானவர். சந்துக்குள் முந்நூறு மீட்டர் நடை, பின்னர் ஐம்பத்து நான்கு படி, கைப்பிடி பாதி தூரம்வரைதான் என்று சொன்னார். படத்தில் எல்லாம் இருந்தன. படிகள் மட்டும் இல்லை.

கங்கை தெரியும் வீடுகள் பெரும்பாலும் பழைய மாளிகைகள். உயரத்தில் இருப்பதால்தான் அவற்றிலிருந்து கங்கை தெரிகிறது. காட்சிக்கு உரிய விலையை முழங்கால் கொடுக்க வேண்டும். அம்மா மட்டும், “எனக்காகப் பார்க்காதீங்க, மெதுவா ஏறிடுவேன்” என்றார். மகள் அதை ஏற்கவில்லை.

அதன்பின் கேள்விகள் ஒவ்வொன்றாகப் பெருகின. குளியலறை எத்தனை, வெந்நீர் உண்டா? கழிப்பறை வெஸ்டர்ன் முறையிலானதா, பிடித்து எழக் கம்பி இருக்கிறதா? மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் உண்டா? குரங்குகள் நுழையாதபடி சன்னலுக்கும் மாடிக்கும் கம்பிவலை போட்டிருக்கிறார்களா? சமையலறையில் சைவம் மட்டுந்தானா? நள்ளிரவில் விமானத்தில் வந்திறங்கும் பிள்ளைக்குக் கதவு திறப்பவர் யார்? பாபத்பூர் விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் என்பதால் கடைசிக் கேள்வி முக்கியமானது. பயணம் தடைப்பட்டால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெற்றார்கள்.

காலமும் பார்க்க வேண்டியிருந்தது. மார்கழி, தை மாதங்களில் மூடுபனியால் ரயிலும் விமானமும் தாமதமாகும். ஆடி, ஆவணியில் வெள்ளம் கட்டங்களின் கீழ்ப்படிகளை மூழ்கடித்துவிடும், படகும் ஓடாது. கார்த்திகைப் பௌர்ணமியின் தேவ தீபாவளிக்கு வாடகை பன்மடங்காகும். மகா சிவராத்திரியும் ஹோலியும் கடந்த பங்குனியே அவர்களுக்கு ஏற்றதாயிற்று.

முடிவில் கேதார் கட்டத்துக்கு மேற்கே, சோனார்புரா சாலையிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு வீடு அமைந்தது. கீழே ஓர் அறையும் குளியலறையும் கூடமும் சமையலறையும். மாடியில் இரண்டு அறைகள். ஆட்டோவிலிருந்து கட்டில் வரை மூன்றே படிகள். கங்கை மட்டும் எந்தச் சன்னலிலிருந்தும் தெரியாது.

நள்ளிரவு ஓசை

கீழறை பெரியவர்களுக்கு, மாடி பிள்ளைகளுக்கு என்று பேச்சில்லாமலே முடிவாயிற்று. மகன் மாடியில் நள்ளிரவுவரை வேலை பார்த்தான்; கீழே விளக்கு முன்னேரத்தில் அணைந்தது. மருமகள் முதல் நாள் தயங்கி நின்றவள், மறுநாள் காலை தானே அடுப்பு மூட்டி மாமியாருக்கு இஞ்சி டீ கொடுத்தாள். கோயில்களுக்கு ஐவரும் சேர்ந்து போனார்கள். கடைத்தெருவுக்கும் சாரநாத்துக்கும் பிள்ளைகள் மட்டும் போனார்கள். அனுமன் கட்டத்தில் முன்னோர்க்குச் செய்ய வேண்டியதைத் தலைமையாசிரியர் மகனை அருகில் அமர்த்திக்கொண்டு செய்தார். இரவு உணவு மட்டும் எல்லோருக்கும் ஒன்றாகக் கூடத்தில்.

இரண்டாம் நாள் இரவு மூன்று மணியிருக்கும். தண்ணீர் எடுக்கக் கீழே வந்த மகள், கூடத்தின் இருளில் ஓர் உராயும் ஓசையைக் கேட்டாள். அம்மா இரு கைகளாலும் சுவரைப் பற்றிக்கொண்டு, ஓரடி வைத்து நின்று, மீண்டும் ஓரடி வைத்து, கழிப்பறைக்குச் சென்றுகொண்டிருந்தார். பத்தடி தூரத்தைக் கடக்க அவ்வளவு நேரம். அவர் பற்களைக் கடித்துக்கொண்டிருப்பது தெருவிளக்கின் வெளிச்சத்தில் தெரிந்தது.

வாரந்தோறும் தொலைபேசியில் “நல்லா இருக்கேன், ஒண்ணுமில்லை” என்று சொல்லி வந்த அம்மா இவர்தான். விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. அறுவைச் சிகிச்சை செய்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகளுக்கு லீவு கிடைக்காது, வீண் கவலை என்று அவர் மறைத்துவிட்டார். தலைமையாசிரியரும் மனைவியின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாய் திறக்கவில்லை.

விடியுமுன் தலைமையாசிரியர் தனியே கேதார் கட்டத்துக்கு இறங்கினார். வீட்டிலிருந்து கங்கை தெரியாததால் தினமும் நடந்துதான் காண வேண்டியிருந்தது. அங்கே கௌரி குண்டத்துக்கு அருகே, மண் குவளையில் ஆறிப்போன டீயோடு மகன் அமர்ந்திருந்தான். இரவு முழுவதும் உறங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. தந்தை அவனருகில் அமர்ந்தார். எதிர்க்கரையில் சிவப்புப் படரும்வரை இருவரும் பேசவில்லை.

“ஏன்பா சொல்லலை?” என்றான் மகன் கடைசியில்.

“நீங்க வருவீங்களோ மாட்டீங்களோன்னு பயந்துட்டேன்” என்றார் தந்தை.

அதற்குமேல் அவர்கள் பேசியது நாட்களைப் பற்றி: எந்த மாதம், எந்த மருத்துவமனை, யார் எத்தனை வாரம் மயிலாடுதுறையில் தங்குவது. சூரியன் நன்றாக மேலெழுந்த பின் இருவரும் நீராடிக் கேதாரேசுவரரைத் தரிசித்தார்கள். மாந்தாதா தம் உணவை விருந்தினருக்கும் தமக்குமாக இரண்டாகப் பகுத்தபோது, அதுவே நடுவில் கோடுடைய சிவலிங்கமாயிற்று என்பது இத்தலத்தின் வரலாறு.

விட்டு வந்தது

நான்காம் நாள் அம்மாவை வடக்கே நமோ கட்டத்துக்குக் காரில் அழைத்துச் சென்றார்கள். அங்கே சரிவுப் பாதை இருப்பதால் படகேறுவது எளிது. பஞ்சகங்கை, மணிகர்ணிகை, தசாசுவமேதம் என்று ஒவ்வொரு கட்டமும் மெல்லக் கடந்து செல்ல, அவர் படகிலிருந்தபடியே கைகூப்பினார். வேறு எந்த மாடியிலிருந்தும் இத்தனை கட்டங்களைக் கண்டிருக்க முடியாது.

காசிக்கு வந்தவர்கள் விருப்பமான காய் ஒன்றையும் கனி ஒன்றையும் விட்டுச் செல்வது மரபு. படகில் அமர்ந்தபடி அம்மா, கத்திரிக்காயையும் கொய்யாப்பழத்தையும் விடப் போவதாகச் சொன்னார்.

“அதெல்லாம் நீ சாப்பிடும்மா. ‘ஒண்ணுமில்லை’ன்னு சொல்றதை விட்டுடு” என்றாள் மகள்.

அம்மா சிரித்தார். பின்பு கங்கை நீரைக் கையில் அள்ளி, ஏதோ முணுமுணுத்து விட்டார். எதை விட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

வளர்ந்த பிள்ளைகளோடு காசிக்குச் செல்ல எண்ணும் அன்பர்கள் வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போது, குடும்பத்தில் யாருடைய கால் மிகவும் தளர்ந்ததோ அவருடைய காலைக்கொண்டு தூரத்தை அளக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் தாழிட ஒரு கதவு இருக்கட்டும். எல்லோரும் கடந்து சென்றே ஆகவேண்டிய ஒரு கூடமும் இருக்கட்டும். கங்கை தெரியும் சன்னல் கிடைக்காவிட்டால் வருந்த வேண்டாம். அவள் நடந்து சேரும் தூரத்தில்தான் இருக்கிறாள்.

மயிலாடுதுறை அம்மாவுக்கு வைகாசியில் ஒரு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மகனும் மகளும் முறைவைத்து உடனிருந்தார்கள். காசியிலிருந்து கொண்டுவந்த கங்கைச் செம்பு இன்னும் பிரிக்கப்படாமல் பூஜையறையில் இருக்கிறது. மறு காலுக்கும் சிகிச்சை முடிந்து அவர் நன்றாக நடக்கத் தொடங்கியபின், ஐவருமாக இராமேசுவரம் சென்று இராமநாதருக்கு அந்நீரை அபிஷேகம் செய்விக்க வேண்டும் என்பது அவர்களது வேண்டுதல். அங்கே எந்த வீட்டில் தங்குவது என்று மகள் இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டாள்.