பட்டன் இருக்கிறது, ரப்பர் இல்லை

டயர் மாற்ற வேண்டுமா என்ற கேள்வி வந்தால் நம்மூரில் எல்லோரும் பார்ப்பது பட்டனைத்தான். குனிந்து ஒரு பார்வை, கட்டைவிரலால் ஓர் அழுத்து. "இன்னும் பத்தாயிரம் ஓடும்" என்று தீர்ப்பு வந்துவிடும். தீர்ப்புச் சொல்பவரே பணம் எடுத்து வைக்க வேண்டியவர் என்பதால் அது பெரும்பாலும் பழைய டயருக்குச் சாதகமாகத்தான் இருக்கும்.

பட்டனைப் பார்ப்பதில் தப்பில்லை. அதற்கான அடையாளத்தைக் கம்பெனியிலேயே வைத்துத்தான் அனுப்புகிறார்கள். டயரின் தோள்பகுதியில் ஒரு குட்டி முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் விரலை விட்டால் குறுக்கே ஒரு சின்ன மேடு தட்டுப்படும். கார் டயரில் அதன் உயரம் 1.6 மில்லிமீட்டர். பட்டன் தேய்ந்து மேட்டோடு சமமாகிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை. இரு சக்கர வண்டிகளுக்குச் சட்டம் 0.8 மில்லிமீட்டர் வரை பொறுத்துக்கொள்கிறது. இரண்டு சக்கரத்தில் போகிறவனுக்கு ஏன் இந்தத் தாராளம் என்று எனக்கு விளங்கியதில்லை.

மொட்டை டயர் வெயில் காலத்தில் காட்டிக்கொடுக்காது. காய்ந்த தார் ரோட்டில் பள்ளமே இல்லாத டயர்கூட நன்றாகப் பிடிக்கும். பந்தயக் கார்களுக்கு வழவழப்பான டயர் மாட்டுவதே அதனால்தான். பள்ளங்கள் தண்ணீரை வெளியே தள்ளத்தான் இருக்கின்றன. சித்திரை முழுக்கச் சமர்த்தாக ஓடிய வண்டி, ஐப்பசி மழையில் மேம்பால இறக்கத்தில் பிரேக் மிதிக்கும்போதுதான் தன் குணத்தைக் காட்டும். டயர் பார்ப்பதற்கு உகந்த மாதம் புரட்டாசி என்பேன்.

தேய்மானத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு டயர் இன்னும் நிறையச் சொல்லும். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. ஒரே ஓரம் என்றால் அலைன்மென்ட் கோளாறு. எங்கள் பகுதி டயர் கடைக்காரர் கண்ணால் பார்ப்பதற்கு முன் உள்ளங்கையால் ஒருமுறை முன்னும் பின்னும் தடவுவார். ஒரு பக்கம் வழுக்கி, மறு பக்கம் ரம்பம் மாதிரி கையை அறுத்தால் அலைன்மென்ட் பார்க்கச் சொல்லிவிடுவார். அதைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும். பக்கவாட்டில் புடைப்பு இருந்தால் தடவக்கூட மாட்டார், கழற்றச் சொல்லிவிடுவார். பள்ளத்தில் அடிபட்டு உள்ளே நூல் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பட்டன் பார்ப்பவர்கள் கோட்டைவிடும் இடம் வேறு. பெரியப்பாவின் கார் உறை போட்டு நிற்கும். வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் எப்போதாவது கல்யாணத்துக்கும் வெளியே வரும். திருச்செந்தூர் போகுமுன் காற்று பிடிக்க நிறுத்தினோம். பட்டன் அத்தனையும் புதுசு போலிருந்தது. கடைக்காரர் பக்கவாட்டை நகத்தால் அழுத்த, தலைமுடி பருமனில் விரிசல்கள் வரிசையாக வாய் திறந்தன. "பட்டன் நல்லாத்தான் இருக்கு சார். ரப்பர் செத்துப்போச்சு" என்றார். "இருபதாயிரம்கூட ஓடலையே தம்பி" என்று பெரியப்பா வாதாடினார். கடைக்காரர் பதில் சொல்லாமல் டயரில் ஒரு நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 1114. 2014-ஆம் ஆண்டின் 11-ஆவது வாரம் செய்தது.

ஓடாததுதான் பிரச்சினையே. ரப்பரோடு ஒருவகை மெழுகைக் கலந்திருப்பார்கள். சக்கரம் சுழன்று டயர் வளைந்து நிமிரும்போது அது மேலே கசிந்து, காற்றிலுள்ள ஓசோன் அரிக்காமல் காக்கும். நின்ற இடத்திலேயே நிற்கும் வண்டிக்கு அந்தப் பூச்சு சரியாகக் கிடைப்பதில்லை. பட்டன் எப்படி இருந்தாலும் 10 ஆண்டுக்கு மேல் வேண்டாம் என்பது பல டயர் கம்பெனிகளின் கணக்கு. 6 ஆண்டிலேயே மாற்றச் சொல்லும் கார் கம்பெனிகளும் உண்டு. டிக்கியில் தூங்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான்.

பெரியப்பா இப்போதைக்கு இரண்டு போதும் என்றார். அவற்றை முன்னால் மாட்டச் சொல்வதுதான் வழக்கம். டயர் கம்பெனிகளோ புதியதைப் பின்னால் போடச் சொல்கின்றன. ஈர ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும், வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் சக்கரம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். நம்மில் பலரால் அதைப் பிடிக்க முடியாது. நானும் கடைக்காரரும் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியம்மா காரிலிருந்து இறங்கி, "நாலையும் மாத்துங்க" என்று சொல்லிவிட்டார்.

கழற்றிய டயர்களைப் பாதி விலைக்காவது தள்ளிவிடலாம் என்பது பெரியப்பாவின் யோசனை. செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களும் பட்டனைத்தானே பார்க்கிறார்கள்! மொட்டை டயரில் சூட்டுக் கத்தியால் பள்ளம் வெட்டி, கறுப்புப் பாலிஷ் போட்டு விற்பவர்களும் உண்டு. அப்படி வெட்டிய பள்ளத்துக்குள் விரலை விட்டுப் பாருங்கள், அந்தச் சின்ன மேடு இருக்காது.