கழுத்தருகே ஒரு காந்தம்

மின்கிதார்க்காரர்கள் ஓர் ஒலியை 'இருண்டது' என்று சொல்லும்போது, நம் சங்கீதக்காரர்கள் கனம் என்றும் கார்வை என்றும் பிரித்துச் சொல்வதையெல்லாம் ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறார்கள். கூர்மை குறைந்துவிட்டால் மட்டும் ஒலி இருண்டுவிடாது. போர்வைக்குள்ளிருந்து பேசுகிறவரின் குரலிலும் கூர்மை இல்லைதான். ஆனால் அதில் சொல்லும் புரிவதில்லை.

தந்தியின் அசைவை மின்சாரமாக்குவது பிக்கப். காந்தத்தைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருள், அவ்வளவே. ஆனால் அதைத் தந்தியின் எந்த இடத்தில் வைக்கிறோம் என்பதில் எல்லாம் மாறிவிடுகிறது. பாலத்தை ஒட்டித் தந்தி கொஞ்சம்தான் அசையும். அங்கே அடிநாதம் மெலிந்து மேல்நாதங்கள் முந்திக்கொள்ளும். கழுத்துப் பக்கம், ஏறக்குறையத் தந்தி நீளத்தின் கால் பங்கில், வீச்சு பெரிது. அடிநாதம் அங்கேதான் முழுதாகக் கிடைக்கிறது. இருட்டைத் தேடுகிறவர் கழுத்துப் பிக்கப்பிடம் போவது இதனால்தான்.

எனக்கு அந்த இருட்டு தேவைப்பட்டதற்குக் காரணம் அம்மா. கிழக்குத் தாம்பரத்தில் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்கு வீணை சொல்லிக்கொடுத்தவள். மூட்டுவாதம் விரல்களை முடக்கி மூன்று ஆண்டுகளாகின்றன. வீணை உறைக்குள் இருக்கிறது. அவளிடம் கற்ற கீர்த்தனைகளை நான் கிதாரில் வாசிப்பேன். எழுபத்து நான்கு வயதுக் காதுக்கு உச்ச ஒலிகள் ஊசியாய் இறங்கும்போலும். "கம்பிதான்டா கேக்குது, பாட்டைக் காணோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். அவள் திருத்தாமல் வாசிப்பது எனக்குப் பழக்கமில்லாதது.

மின்சாரத்துக்கும் கமகத்துக்கும் பகை என்று சொல்ல முடியாது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவதாக ஒரு தந்தியும் சேர்த்து, மின்மாண்டலினிலேயே ராகங்களை முழு உருவத்தோடு நிறுத்திக் காட்டினார். வீணையில் வேறொரு சிக்கல் உண்டு. மந்தரத்துக்கும் அனுமந்தரத்துக்கும் மரபாகப் போடும் பித்தளைத் தந்தியைக் காந்தச் சுருள் உணராது. ஆகவே தொடு ஒலிவாங்கியைத்தான் நாட வேண்டும். கிதாரின் எஃகுத் தந்திகளுக்கு அந்தத் தொல்லை இல்லை.

என் கிதாரில் இருந்தவை ஒற்றைச் சுருள் பிக்கப்புகள். கூர்மை ஒரு பக்கம். வீட்டு மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருகினால் எழும் ரீங்காரம் இன்னொரு பக்கம். எதிரெதிராக இணைத்த இரு சுருள்களால் அந்த இரைச்சலைத் தனக்குத்தானே அடித்துக்கொள்ளச் செய்யும் ஹம்பக்கரை, கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் 1955இல் உருவாக்கினார். அதன் ஆரம்பகால வடிவத்தில் சுருளுக்கு ஏறக்குறைய 5000 சுற்றுகள். கம்பி தலைமயிரின் பருமன்தான்.

சுற்றுகள் கூடக் கூட ஒலி இருளும் என்பது பொதுவான நம்பிக்கை. சானடோரியம் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, பழைய பிக்கப்பைக் கண்ணருகே பிடித்துப் பார்த்துவிட்டு, "சுத்து ஏறினா சத்தம் ஏறும், சுறுசுறுப்பு போயிடும் சார்" என்றார். கிதாரை அவர் கையால் தொட்டதில்லை. ஆனாலும் சரியாகத்தான் சொன்னார். சுற்று மிகும்போது வெளியீடு கூடும்; உச்ச ஒலிகள் மங்கும்; ஓர் எல்லைக்கு மேல் கீழ்த்தந்திகள் குழம்பி, ஜாருவின் புறப்பாடும் சேர்விடமும் ஒன்றாகிவிடும். அதிகம் சுற்றிய, செராமிக் காந்தம் வைத்த பிக்கப்புகளை நான் ஒதுக்கியது இதனால்தான். இரைச்சலான ராக் இசைக்கு அவை பொருந்தலாம்.

அல்னிகோ 2 காந்தம், அளவான சுற்று, ஏழரைக் கிலோ ஓம் அளவு மின்தடை. இதுவே என் தேர்வு. அல்னிகோ 2 வலிமை குறைந்த காந்தம். கழுத்துப் பக்கம் அகலமாக வீசும் தந்தியைப் பிடித்திழுத்துச் சுருதியைக் கெடுப்பது குறைவு. கிதாரில் ஏற்கெனவே இருந்த 250 கிலோ ஓம் வால்யூம் குமிழை மாற்றவில்லை. ஹம்பக்கருக்கு 500 போடுவதே வழக்கம். 250 இருந்தால் உச்சம் இன்னும் சற்று அடங்கும். எனக்கு வேண்டியதும் அதுதான். உடலில் குழி போதுமான அகலத்தில் இருந்தது. மேலேயிருந்த பிளாஸ்டிக் தகட்டை மட்டும் அரத்தால் அகலப்படுத்தினேன்.

முதல் நாள் ஆனந்தபைரவி வாசித்தேன். அம்மா எழுந்து போகவில்லை. அனுபல்லவி முடிவதற்குள், "காந்தாரத்தை இன்னும் கொஞ்சம் அசை, அவசரப்படாதே" என்றாள். மறுநாள் அதே இடத்தை நான்கு முறை வாசிக்கச் சொன்னாள்.

ஒரு குறை மிச்சம் இருந்தது. கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அது தன் காந்த முனையை விட்டு விலகுகிறது. விரலுக்கு அருகே இருப்பதால் கழுத்துப் பிக்கப்பின் மேல் அந்த விலகல் பாலத்தருகே இருப்பதைவிட அதிகம். ஸ்வரத்தின் உச்சியில் ஒலி மெலிந்துவிடும். முனைகளுக்குப் பதிலாக நீளப் பட்டை வைத்த பிக்கப்பில் இது நேராது. நான் இருபுறத் திருகையும் தளர்த்திப் பிக்கப்பைத் தந்தியிலிருந்து இன்னும் கொஞ்சம் கீழிறக்கினேன். சத்தம் குறைந்தது, மெலிவும் பெருமளவு சமனாயிற்று. ஆறாவது தந்திப் பக்கம் மட்டும் இன்னும் அரைச்சுற்று இறக்க வேண்டியிருக்கிறது.