சப்பாத்துப் பெட்டிக்குள் வந்த பச்சோந்தி

கொஞ்சம் நீளமான பதிவு. வட்டுக்கோட்டை, அராலி, சங்கரத்தைப் பக்கம் இன்னும் வேலி வைத்திருக்கிறவர்கள் கட்டாயம் வாசியுங்கோ. மதில் கட்ட நினைத்திருக்கிறவர்கள் அதைவிடக் கட்டாயம்.

போன செவ்வாய்க்கிழமை இடைவேளை நேரம் தரம் 8 பிள்ளை ஒருவன் விஞ்ஞான ஆய்வுகூட வாசலில் வந்து நின்றான். கையில் சப்பாத்துப் பெட்டி. மூடியில் பேனையால் குத்தின ஓட்டைகள். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"சேர், ஒரு சாமான் காட்டவோ?"

திறந்தால் உள்ளே பச்சோந்தி. பச்சை இல்லை. கிட்டத்தட்டக் கறுப்பு, அதில் மஞ்சள் பொட்டுகள். வாலைச் சுருட்டி ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. பெட்டிக்குள் ஒரு பிடி சோறு, ஒரு தக்காளித் துண்டு, சோடா மூடியில் தண்ணீர். பொடியன் தன்னால் முடிந்ததையெல்லாம் வைத்திருந்தான்.

"எங்கயடா பிடிச்சனீ?"

"வீட்டு வேலி வெட்டேக்க விழுந்தது சேர். அம்மா அடிச்சுக் கொல்லச் சொன்னவா. நான் ஒளிச்சு வைச்சிருந்தனான். ரெண்டு நாளாச் சாப்பிடுதில்ல. இதுக்கு நல்ல கூடு ஒண்டு செய்யோணும். எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லுங்கோ."

ஏச வாயெடுத்தேன், முடியவில்லை. அந்தப் பொடியனை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அது நான்தான்.

1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய், புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்த காலம். எனக்கும் அந்தப் பிள்ளையின் வயதுதான் இருக்கும். கற்பிட்டி வீதி ஓரத்தில் ஒரு பச்சோந்தியைப் பிடித்து, இடுப்பில் கறுப்பு நூல் கட்டி, குசினிக் கம்பில் தொடுத்து வைத்தேன். கோப்பையில் தண்ணீரும் வைத்தேன். மூன்றாம் நாள் அது கம்பைப் பிடித்தபடியே காய்ந்து போயிருந்தது. நான் தூக்கம் என்று நினைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாப்பா ஏசவில்லை. பூனையைக் கட்டி வைத்த பெண்ணின் ஹதீஸை மட்டும் சொன்னார். தானும் தீனி போடவில்லை, பூமியில் திரிகிற பூச்சி புழுவைத் தேடித் தின்ன அதை விடவும் இல்லை, அதற்காகத் தண்டனை பெற்றாள் என்ற அந்த ஹதீஸ் புகாரியிலும் இருக்கிறது, முஸ்லிமிலும் இருக்கிறது. சொல்லிவிட்டு வாப்பா எழும்பிப் போய்விட்டார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஆகவே பொடியனுக்கு உடனே "விட்டுவிடு" என்று சொல்லவில்லை. கூடு செய்யத்தான் கேட்டான், கூடு எப்படி என்றே பார்ப்போம் என்று நினைத்தேன். ரொறன்ரோவில் இருக்கிற என் லாத்தாவின் மகன் பச்சோந்தி வளர்க்கிறான். அது ஏமனிலும் சவூதியின் தென்மேற்கு மலைப்பக்கத்திலும் உள்ள இனம். கூட்டிலேயே முட்டை பொரித்து வளர்த்ததைக் கடையில் வாங்கினது. பின்னேரம் அவனுக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டேன். அங்கே விடிந்தும் விடியாத நேரம். பாவம், எழும்பினான். பொடியன் கொப்பியும் பேனையுமாக இருந்தான்.

முதல் கேள்வியே கண்ணாடித் தொட்டியா, வலையா என்பதுதான். கண்ணாடி நல்லதல்லவாம். காற்று உள்ளே தேங்கும், தன் உருவத்தையே பார்த்து இன்னொரு பச்சோந்தி என்று பயந்து கொண்டிருக்கும். வலைக் கூடுதான் வேண்டும். இரண்டடி அகலம், இரண்டடி ஆழம், நாலடி உயரம். உயரம் முக்கியம், ஏனென்றால் இது மரத்தில் ஏறி இருந்து கீழே பார்க்கிற பிராணி. தரையில் வைத்த பெட்டி அதற்குக் கிணறு மாதிரி. உள்ளே விரல் மொத்தத்திலும் பென்சில் மொத்தத்திலும் கொப்புகள் வேண்டும். அதன் விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி இடுக்கி போல இருக்கும், தட்டையான தரையில் நடக்கவே அது தடுமாறும். ஒளிந்து கொள்ள உயிருள்ள செடியும் வேண்டும். அவன் வைத்திருக்கிறது என்ன தெரியுமா? செவ்வரத்தை. கனடாவில் சட்டியில் வைத்த செவ்வரத்தை!

அடுத்தது வெளிச்சம். பச்சோந்தி வெயில் காய ஒரு லைற், அதன் அடியில் 30 பாகை அளவு சூடு. அதற்குப் புறம்பாக புற ஊதாக் கதிர் வருகிற இன்னொரு லைற். அது இல்லாவிட்டால் உடம்பில் விற்றமின் டி ஊறாது, தின்கிற கல்சியமும் எலும்பில் சேராது. கால் வளைந்து, தாடை மெலிந்து செத்துப் போகும். அந்த லைற் எரிந்து கொண்டிருந்தாலும் கதிர் குறைந்துவிடும் என்பதால் குறித்த காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டுமாம். இரவில் எல்லாவற்றையும் அணைத்துக் குளிர விட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நான் வாயடைத்துப் போனேன். பச்சோந்தி கோப்பையில் நிற்கிற தண்ணீரைத் தண்ணீர் என்று பெரும்பாலும் கண்டு கொள்ளாது. இலையில் வழிகிற, மினுங்குகிற துளியைத்தான் நக்கும், பனித்துளி, மழைத்துளி மாதிரி. அதனால் காலையும் மாலையும் இலைக்குப் பன்னீர் தெளிக்கிற மாதிரித் தூவ வேண்டும். குளிர்காலத்தில் ஹீற்றர் காற்றை உலர்த்துவதால் இன்னும் கூட. என் குசினிக் கம்பும் கோப்பையும் ஞாபகம் வந்தது. முப்பது வருடத்துக்கு மேலாக அது பசியில் செத்தது என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் தண்ணீர் நிறைந்த கோப்பை இருக்க, அது தாகத்திலும் செத்திருக்கலாம்.

தீனி சோறும் இல்லை, தக்காளியும் இல்லை. உயிரோடு அசைகிற பூச்சி. சில்வண்டை வாங்கி, அதற்கு முதலில் கீரை கரட் தின்னக் கொடுத்து, பிறகு கல்சியத் தூளில் பிரட்டி விடுவானாம். பூச்சிக்கும் விருந்து வைத்துத்தான் பச்சோந்திக்கு விருந்து. இத்தனையும் செய்துவிட்டுத் தூக்கிக் கொஞ்சவும் கூடாது. கை பட்டால் அதற்குப் பயம். ஒரு கூட்டில் ஒன்றுதான், சோடி சேர்த்து வைத்தால் ஒன்றையொன்று பார்த்தே நோய் வரும்.

"மாமா, அந்தத் தம்பியிட்ட இதையும் சொல்லுங்க," என்றான் கடைசியில். இது அவனுடைய இரண்டாவது பச்சோந்தி. முதலில் வைத்திருந்தது பெட்டை. ஆண் இல்லாமலே அது முட்டை வைக்கும். வைப்பதற்கு ஈர மண் தோண்ட வேண்டும். இவன் மண் தொட்டி வைக்கவில்லை, தெரியாது. முட்டை உள்ளேயே தங்கிச் செத்துப் போனது.

பொடியன் எழுதுவதை நிறுத்தி விட்டு பெட்டியைப் பார்த்தான். பிறகு கேட்டான்: "சேர், அங்க வைச்சிருக்கலாமெண்டா இங்க ஏன் கூடாது?"

நியாயமான கேள்வி. அங்கே அது கூட்டில் பிறந்தது, காட்டை அறியாதது. அதை ரொறன்ரோப் பனியில் விட்டால் ஒரு இரவு தாங்காது. அதற்குக் கூடு தேவை. இங்கே இருக்கிறது இந்த மண்ணின் பிராணி. இலங்கையிலும் இந்தியாவிலும் இயற்கையாக உள்ளது இந்த ஒரு பச்சோந்தி இனம்தான். இலங்கையில் அது ஈரவலயத்தில் இல்லை. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் போன்ற உலர்ந்த பக்கத்தில்தான். சட்டமும் இருக்கிறது. 1937 இல் வந்து 2009 இல் திருத்தப்பட்ட விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி இதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். எட்டாம் வகுப்புப் பிள்ளையைச் சட்டம் சொல்லி வெருட்ட எனக்கு விருப்பமில்லை, ஆனால் பெரியவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். விற்கலாமா என்று ஒருவர் கேட்டதாலும் சொல்கிறேன்.

வளர்ப்பதே ஹராம் என்று யாரும் இங்கே கருத்துப் போட வேண்டாம். அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவி வைத்திருந்ததும், அது செத்தபோது ரசூலுல்லாஹ் அந்தப் பிள்ளையிடம் அன்பாக விசாரித்ததும் நமக்குத் தெரியும். ஆனால் வைத்திருந்தால் அதன் உரிமையைக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். வட்ஸ்அப்பில் படம் போட்டதும் சொந்தக்காரர் ஒருவர் குரல் செய்தி அனுப்பியிருந்தார்: "அதை அடிச்சாக் நன்மை, இப்ராஹீம் நபிக்கு மூட்டின நெருப்பை ஊதினது." நான் மௌலவி இல்லை. ஆனாலும் அந்த ஹதீஸில் வருகிற சொல் வஸக். அது சுவரில் ஓடுகிற பல்லி வகை. பச்சோந்திக்கு அரபியில் வேறு பெயர், ஹிர்பா. பல்லியின் கணக்கை ஓணானிலும் பச்சோந்தியிலும் தீர்ப்பது நம் பிள்ளைகள் மட்டுமல்ல. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வேறு கதை: தாகத்தில் இருந்த இராமருக்கு அணில் உதவியதாம், ஓணான் மூத்திரம் பெய்ததாம். அதற்காகக் கல்லெறி. இரு பக்கமும் கதை வேறு, கல் ஒன்று. பொடியனின் தாய்க்கு இந்தக் கதை எதுவும் இல்லை, அவவுக்கு அது நஞ்சு என்ற பயம். பச்சோந்திக்கு நஞ்சு இல்லை. பிடித்து நெரித்தால் சீறும், கடிக்கும். நெரித்தால் யார்தான் கடிக்காதது?

நிறம் பற்றியும் வகுப்பில் கேட்டார்கள். சிவப்புச் சீலையில் வைத்தால் சிவப்பாகும் என்பது பொய். சூடு, குளிர், பயம், கோபம் இவற்றுக்குத்தான் பெரும்பாலும் மாறுகிறது. வேறொரு பச்சோந்தி இனத்தை ஆராய்ந்து 2015 இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது இது: தோலுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பளிங்குகள் உண்டு, அவற்றின் இடைவெளியை மாற்றியே அது நிறத்தை மாற்றுகிறது. பெட்டிக்குள் கறுத்துக் கிடந்தது கறுப்பு அட்டைக்காக அல்ல. பயந்து போயிருந்தது. கட்சி மாறுகிறவர்களுக்கு இந்தப் பெயரை வைப்பது பச்சோந்திக்குச் செய்கிற அநியாயம், அது தன் மனதை மறைக்கத் தெரியாத சீவன்.

சரி, விடுவதென்று முடிவாயிற்று. பொடியனே சொன்னான், "விடுவம் சேர்" என்று. எங்கே விடுவது? பிடித்த இடத்திலேயே விடுவதுதான் முறை. தூரக் கொண்டு போய் விட்டால் அதற்கு இடம் தெரியாது, நாங்களும் இடம் தெரியாத ஊரில் இருந்து பார்த்தவர்கள்தான். பள்ளி முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். முன் பக்கம் வேலியே இல்லை. பூவரசும் கிளுவையும் முள்முருக்குமாக அவன் பூட்டன் காலத்தில் நட்ட கதியால்களெல்லாம் வெட்டி அடுக்கியிருந்தது, பக்கத்தில் சீமெந்துக் கல்.

அந்தக் கதியால் வேலியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. என் மருமகன் காசு கொடுத்துச் சேர்த்ததெல்லாம் அதில் இருந்தது. உயரம், விரல் மொத்தக் கொப்பு, வெயில், இலை நிழல், விடியப் பனித்துளி, தத்துவெட்டி, முட்டை வைக்க அடியில் மண். வேலிக்கு வேலி தொடுத்து ஒழுங்கை முழுக்கப் போனதால் நிலத்தில் இறங்காமலே ஒரு வளவில் இருந்து இன்னொன்றுக்குப் போகலாம். மதில் வந்தால் இறங்கித்தான் ஆக வேண்டும். இறங்கினால் அதன் நடை உங்களுக்குத் தெரியும், ஒரு காலைத் தூக்கி, ஆடி, யோசித்து, அடுத்த காலை வைக்கும். காரைநகர் வீதியில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் அதற்காக நிற்காது. வீதியில் கண்டால் ஒரு தடியை நீட்டுங்கோ, தானாக ஏறிப் பிடிக்கும். அது போய்க் கொண்டிருந்த பக்கத்திலேயே விடுங்கோ, வந்த பக்கத்தில் அல்ல. காயப்பட்டிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு 1992 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

பின் வளவில் அம்மம்மாவின் பக்கத்து வேலி இன்னும் நின்றது. பொடியன் பெட்டியைப் பூவரசங் கொப்போடு சாய்த்துப் பிடித்தான். கனநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கண் மேலே பார்த்தது, மற்றது எங்களைப் பார்த்தது. முன் கால் கொப்பைப் பிடித்தது. முழுதாக ஏறுவதற்குள் அஸர் பாங்கு நேரம் தாண்டிவிட்டது. அம்மம்மா வாளியில் தண்ணீர் கொண்டு வந்து கையால் இலைகளுக்குத் தெளித்தா. யாரும் அவவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, "வெய்யில் அல்லோ தம்பி" என்றா. ஒரு இலையின் நுனியில் அது நக்கியது. இரண்டு தரம், மூன்று தரம்.

நான் வெளிக்கிடும்போது முதுகில் கறுப்புக் குறைந்து பச்சை வந்திருந்தது.

இரவு எட்டு மணிக்கு வட்ஸ்அப்பில் படம். ரோர்ச் வெளிச்சத்தில் ஒரு மெல்லிய கொப்பின் நுனி, அதில் வெளிறிப் போய், வாலைச் சுருட்டி நித்திரை கொள்கிற ஒரு சின்ன உருவம். மறுநாளும் அதே கொப்பில். வெள்ளிக்கிழமை படம் வரவில்லை, "காணேல்ல சேர், பக்கத்து வளவுக்குப் போட்டுது போல" என்று எழுதியிருந்தான். அதன் கீழே இன்னொரு செய்தி: பின் பக்க மதிலுக்கும் அத்திவாரம் வெட்ட வருகிற கிழமை மேசன்மார் வருகினமாம். அப்பாவோடு சேர் கதைப்பீங்களோ என்று.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். முன் பக்கம் மதில் இருக்கட்டும், பின் பக்கமாவது கதியாலை விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். அந்தப் பக்கம் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இதை வாசித்தால் என்னோடு கூட வாருங்கோ.