உவர்மலைக்கு ஏறிய காலை

ஷெல் வந்தால் தாழ வேண்டும், கடல் வந்தால் ஏற வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை வரை இதில் முதல் பாதிதான் எங்களுக்குத் தெரியும். திருகோணமலை லிங்கநகரில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு ஓட்டம் புதிதல்ல. சத்தம் கேட்டால் குப்புறப் படுப்பது, சுவரோரம் ஒதுங்குவது, பங்கருக்குள் இறங்குவது எல்லாம் உடம்புக்கே பழகியிருந்தன. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு அந்தப் பழக்கமும் மெல்ல விட்டுக்கொண்டிருந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா நாள். சுமாத்ராவுக்கு அப்பால் கடலடி பிளந்தபோது எங்கள் கடிகாரத்தில் ஏழு மணிக்கு ஒரு நிமிடம் குறைவு. வீட்டில் ஒரு கோப்பைகூட ஆடவில்லை. தேத்தண்ணி குடித்தோம், முற்றம் கூட்டினோம். இரண்டு மணித்தியாலம் ஆவதற்குள் வீதியில் யாரோ கத்திக்கொண்டு ஓடினார்கள்: "கடல் வருது!"

அப்பாவுக்குக் கோபம்தான் வந்தது. "கடல் எங்க வாறது? அது அங்கதானே கிடக்குது" என்றார். பிறகு படலையடியில் போய் நின்று உட்துறைமுகப் பக்கம் பார்த்தார். தண்ணீர் ஏறுவதும் வடிவதுமாக இருந்தது. காற்றில்லை, மழையில்லை. "மேல ஏறுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

அம்மம்மா மறுத்துவிட்டா. "சண்டைக்கே நான் வீட்டை விட்டு இறங்கேல்ல." கதிரையோடு தூக்கிக்கொண்டு உவர்மலைக்கு ஏறினோம்.

அங்கே ஊரே நின்றது. டச்சுக்குடாப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் உடுப்பு நனைந்திருந்தது. முதல் தண்ணீர் பெரிதாக ஒன்றும் செய்யவில்லையாம். பிறகு கடல் உள்வாங்கி, யாரும் கண்டிராத கற்களெல்லாம் வெளியே தெரிந்ததாம். பார்க்கப் போனவர்களைத்தான் அடுத்தது எடுத்தது. அதைச் சொன்ன பையனின் கையில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது. அது யாருடையது என்று எவரும் கேட்கவில்லை.

கதைகளும் எங்களோடு மலையேறின. கடலுக்கடியில் எரிமலை வெடித்துவிட்டது, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் கொதிக்கின்றன, அடுத்து நிலம் திறக்கப் போகிறது. கேட்டுக்கொண்டிருந்த அம்மம்மா, "எரியிறதெண்டா என்னெண்டு நான் பாத்திருக்கிறன், தம்பி" என்றா. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டபோது அவ சிறுமி. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று நாள்கணக்கில் எரிந்தது. எங்கள் ஊர் கண்ட எரிமலை அவ்வளவுதான்.

மாவட்டத்தில் இறந்தவர்கள் 1,000 பேருக்கு மேல், நாட்டில் 30,000 பேருக்கு மேல். கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் அடித்தது. சல்லியில் இருந்த எங்கள் பெரியம்மாவை மூன்றாம் நாள் கண்டெடுத்தார்கள். முகத்தைப் பார்க்க என்னை விடவில்லை. இன்றுவரை நான் அதைப் பற்றி அப்பாவிடம் கேட்டதுமில்லை.

பெரியம்மாவின் முப்பத்தொன்றுக்குக் கன்னியாவுக்குப் போனோம். இராவணன் தன் தாயின் கடைசிக் கருமத்துக்காக வாளால் குத்தி உண்டாக்கியவை என்று ஊர் நம்பும் ஏழு கிணறுகள் அவை. ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருந்தாலும் ஒவ்வொன்றின் சூடும் வேறு. வழக்கமாக அந்தியேட்டிக்கு ஒன்றிரண்டு குடும்பங்கள்தான் நிற்கும். அன்று வரிசை வீதிவரை நீண்டது. எல்லோருக்கும் ஒரே திதி. ஐயருக்குக் குரல் அடைத்துப் போயிருந்தது. வாளியில் அள்ளித் தலையில் ஊற்றியபோது, கொதிக்கிறது என்று பரவிய தண்ணீர் அதே பழைய இளஞ்சூட்டில்தான் இருந்தது.

எங்கள் தீவில் எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து மேலே வருவதுதான் கன்னியா. உண்மையான நெருப்பு வங்கக்கடலுக்கு அக்கரையில் இருக்கிறது. சுமாத்ராவின் எரிமலைகளும் அந்தமானின் பாரன் தீவும், ஒரு தட்டு மற்றதன் கீழே நுழையும் ஒரே விளிம்பில் பிறந்தவை. 2005 மே மாதம் பாரன் தீவு புகையத் தொடங்கியது. ஆழிப்பேரலையைக் கிளப்பியது எரிமலை அல்ல, அந்த விளிம்பு வழுக்கியதுதான். ஆனாலும் மலையில் நின்று எரிமலை என்று உளறியவர்கள் முற்றிலும் உளறவில்லை. 1883 ஆகஸ்டில் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் கிரகத்தோவா வெடித்தபோது அலை இலங்கைக்கும் வந்தது. கிழக்கில் பாணமையில் ஒரு பெண் அதில் இறந்தாள். அடுத்த மாதம் இங்கே சூரியன் பச்சையாகத் தெரிந்ததாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரரின் அறிக்கையில் இருந்த அந்தக் கதை எங்கள் பாட்டிமார் எவர் வாயிலும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல்.

2005 மார்ச் 28 இரவு பத்து மணிக்கு மேல் சுமாத்ராப் பக்கம் மறுபடி ஆடியது. வானொலி சொல்லி முடிப்பதற்குள் ஒழுங்கை நிறைய ரோச் வெளிச்சம். அம்மம்மா வெற்றிலைப் பையோடு கதிரையில் ஏறி இருந்துகொண்டு, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறியள்? தூக்குங்கோ" என்றா. அலை வரவில்லை. நியாஸ் தீவில் கட்டடங்கள் இடிந்து நூற்றுக்கணக்கானோர் செத்துப்போனதைப் பிறகு பேப்பரில் அப்பா வாசித்துக் காட்டினார். "அங்க எந்த மலையில ஏறியிருப்பினம்?" என்று அம்மம்மா கேட்டா. நிலமே ஆடினால் மலை எதற்கு என்று அப்பா சொன்னார்.