ரெண்டு ஸ்ரீபெரும்புதூர்

நம்ம ஊர்ப் பேரை வெச்சே ஒரு சோதனை பண்ணிப் பாருங்க. 'ஸ்ரீபெரும்புதூர்', 'ஶ்ரீபெரும்புதூர்'. ரெண்டையும் காப்பி பண்ணி, பைத்தான்ல நடுவுல '==' போடுங்க. ஃபால்ஸ்னு வரும். முதல் ஸ்ரீ 'ஸ'வுல ஆரம்பிக்குது. ரெண்டாவது, 2005-ல யூனிகோட் 4.1-ல சேர்ந்த 'ஶ'வுல. நிறைய ஃபான்ட்ல ரெண்டும் அச்சு அசல் ஒன்னாத்தான் தெரியும். ('திருப்பெரும்புதூர்'னு எழுதுறவங்க தனிக் கணக்கு.)

காலேஜ் பஸ் ரூட்டுக்காக ஃபார்ம்ல பேரும் ஸ்டாப்பிங்கும் வாங்கினோம். அதைச் சுத்தம் பண்ற வேலை எனக்கு வந்தது. டூப்ளிகேட்னதும் ரெண்டு ஃபார் லூப் போடத்தான் கை போகும். 5000 வரி இருந்தா 1,24,97,500 ஒப்பீடு! செட்ல போட்டா ஹேஷ் பார்த்து ஒரே சுத்துல முடிச்சிடும். இது லேப்லயே படிச்சதுதான், வேகம் பெரிய விஷயமில்லை. எதை 'ஒன்னு'ன்னு சொல்றோம்ங்கறதுலதான் சிக்கல்.

'போரூர்' பாருங்க. அதுல 'ோ'வை ஒரே குறியாவும் சேமிக்கலாம், கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டாவும் சேமிக்கலாம். செட்டுக்குள்ள போடும் முன்னாடி என்எஃப்சி நார்மலைஸ் பண்ணினா ரெண்டும் ஒன்னாயிடும். ஆனா ஸ்ரீயை அது தொடாது. அதுக்கு நாமதான் ரீப்ளேஸ் எழுதணும்.

ஊர்ப் பேருக்கு இது போதும். ஆள் பேருக்கு?

எங்க அக்கா ஒரகடம் பக்கம் ஒரு ஃபேக்டரில கான்ட்ராக்ட்ல வேலை பார்க்குறாங்க. அவங்க ஹாஸ்டல்ல ரெண்டு எஸ். பிரியா. ஒருத்தர் விழுப்புரம், இன்னொருத்தர் திருவண்ணாமலை. வண்டி லிஸ்ட்ல யாரோ பேர் காலத்தை மட்டும் டிக் பண்ணி 'ரிமூவ் டூப்ளிகேட்ஸ்' அழுத்திட்டாங்க. எக்ஸெல் முதல் வரியை வெச்சுக்கிட்டு அடுத்ததை அழிச்சிடும், கேள்வியே கேக்காது. செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்ச ராத்திரி, திருவண்ணாமலை பிரியாவை வண்டில ஏத்தல. லிஸ்ட்ல ஏற்கெனவே ஒரு பிரியா உட்கார்ந்தாச்சாம். அக்கா தன் சீட்டைப் பாதி கொடுத்து, சண்டை போட்டுத்தான் கூட்டிட்டு வந்தாங்க.

அப்பா பேர்ல ஒரு எழுத்தை மட்டும் முன்னால போட்டுக்குற நமக்கு, பேர் மோதறது சாதாரணம். அதனால என் புரோகிராம் பேரை வெச்சு எதையும் அழிக்காது. ரோல் நம்பர் ஒன்னா இருந்தா கடைசியா நிரப்பினதை எடுத்துக்கும். பேர் ஒன்னா இருந்து ரோல் நம்பர் காலியா இருந்தா தனி ஷீட்ல போடும்.

இந்தத் தடவை அப்படி மூணு ஜோடி நின்னுச்சு. ஃபோன் போட்டுக் கேட்டேன். ரெண்டு ஜோடி, அவசரத்துல ரெண்டு தடவை சப்மிட் பண்ணினவங்க. மூணாவது நிஜமாவே ரெண்டு கார்த்திக். ஸ்டாப்பிங்கும் ஒன்னுதான், ஒரகடம் ஜங்ஷன்.