வெளியே நின்று பார்

பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் ஒரு சிறிய வாசகசாலை நடத்துகிறோம். என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன, எவை இரவல் போயிருக்கின்றன என்று போனிலேயே பார்க்க ஒரு வலைத்தளம் வேண்டும் என்றார்கள். மாதாமாதம் வாடகை கட்டி எங்கேயோ இடம் பிடிப்பானேன், வீட்டு பைபர் இணைப்பிலேயே வைத்துவிடலாம் என்று நான் இறங்கினேன். வேலை சொல்லிக்கொடுத்தவர் தெருவிலுள்ள ஒரு அக்கா. கல்லூரி ஒன்றின் நெட்வொர்க்கைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்பவர்.

ராஸ்பெரி பை அட்டையில் லினக்ஸ் ஏற்றி, என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரைப் போட்டு, பக்கத்தை வீட்டு வைஃபையில் வரவைப்பது சுலபம். வந்ததும் அக்கா என் போனை வாங்கி வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்தார். வரவில்லை. "வீட்டுக்குள்ள தெரியறது கணக்கில்ல தம்பி. எப்பவும் வெளியே நின்னு பாரு" என்றார். அதன்பிறகு ஒவ்வொரு மாற்றத்தையும் மொபைல் டேட்டாவில்தான் சோதித்தேன்.

இணைய நிறுவனம் நம் ரூட்டருக்குத் தரும் ஐ.பி. முகவரி நிலையாக இருக்காது. கரண்ட் போய் வந்தால் மாறும். சில சமயம் ஒன்றும் நடக்காமலேயே மாறும். ஐ.பி.வி.4 முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான். உலகம் முழுமைக்கும் பிரித்துக்கொடுக்கும் ஐயானாவின் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. நிலையான முகவரிக்குத் தனிக் கட்டணம் கேட்பதற்கு இந்தப் பற்றாக்குறையும் ஒரு காரணம்.

முகவரி மாறினால் மாறட்டும், பெயர் நிலைத்தால் போதும் என்பதுதான் டைனமிக் டி.என்.எஸ். ஏற்பாடு. சொந்த டொமைன் இருந்தால் டிடிகிளையன்ட் என்ற சிறு நிரலை ஓடவிடலாம். இல்லையென்றால் டக் டி.என்.எஸ். போன்ற இலவச சேவையில் ஒரு பெயர் வாங்கலாம். வேலை ஒன்றுதான்: வீட்டிலிருக்கும் கருவி சில நிமிடங்களுக்கு ஒருமுறை ரகசியச் சாவியோடு அந்தச் சேவையைத் தொடர்புகொள்ளும், இப்போது எந்த முகவரியில் இருக்கிறோமோ அது பெயருக்கு நேரே பதிவாகும்.

இதில் டி.டி.எல். என்ற எண்ணைக் கவனிக்க வேண்டும். ஒரு பதிலை மற்ற சர்வர்கள் எத்தனை வினாடி நினைவில் வைக்கலாம் என்பதை அது சொல்கிறது. 86400 என்றிருந்தால், முகவரி மாறிய பிறகும் ஒரு நாள் வரை பழைய இடத்தையே தட்டிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் 300 வைத்தோம். அக்கா வேண்டுமென்றே ரூட்டரை அணைத்துப் போட்டுவிட்டு, டி.என்.எஸ். பதிலைக் காட்டும் டிக் கட்டளையைத் திரும்பத் திரும்ப அடிக்கச் சொன்னார். பதிலில் இருந்த எண் 280, 190, 60 என்று இறங்கிக்கொண்டே வந்தது. அது தீர்ந்ததும் அடுத்த பதிலில் புது முகவரி! டி.என்.எஸ். எனக்குப் புரிந்தது அந்தத் திரையில்தான்.

பிறகு ரூட்டரில் 80, 443 இரண்டு போர்ட்களையும் பைக்குத் திருப்பிவிட வேண்டும். பையின் உள்முகவரி மாறாமலிருக்க அதையும் ரூட்டரிலேயே ஒதுக்கிவிட வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் சான்றிதழ் டொமைன் பெயருக்குத் தரப்படுவதால் முகவரி மாறினாலும் செல்லும்.

எங்கள் வீட்டில் இதோடு வேலை முடிந்தது. நண்பன் வீட்டில் இத்தனையும் செய்தும் பக்கம் வரவில்லை. அக்கா ரூட்டரில் இணைய நிறுவனம் தந்த முகவரியைக் காட்டும் வேன் (WAN) பக்கத்தைத் திறக்கச் சொன்னார். அங்கே முகவரி 100.72 என்று தொடங்கியது. வெளித்தளம் ஒன்றில் பார்த்தால் வேறொன்று. 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் 2012இல் முகவரிப் பகிர்வுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. நிறுவனம் பொது முகவரி ஒன்றைத் தன் கருவியில் வைத்துக்கொண்டு பல வீடுகளுக்குப் பங்கிடுகிறது. நம் ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும், வெளியிலிருந்து வருபவர் நம் ரூட்டர் வரை வரவே முடியாது. இது தெரியாமல் எத்தனையோ பேர் நாள்கணக்கில் ரூட்டரோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

வழிகள் உண்டு. பொது முகவரி தரும்படி நிறுவனத்தைக் கேட்கலாம். ஐ.பி.வி.6 இருந்தால் அதில் நேரடியாகத் திறக்கலாம், ஆனால் ஐ.பி.வி.4 மட்டுமே உள்ள இடத்திலிருந்து அது தெரியாது. வெளியே ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு என்ற நிரல் மூலம் வீட்டிலிருந்து அதற்குச் சுரங்கம் போடலாம். இணைப்பு உள்ளிருந்து வெளியே கிளம்புவதால் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. 25 வினாடிக்கு ஒருமுறை ஒரு சிறு சைகை அனுப்பும்படி அமைத்தால் பாதை மூடிக்கொள்ளாது. கிளவுட்ஃபிளேர் டனல் இதையே சுலபமாகத் தருகிறது. வாடகை சர்வரும் தேவையில்லை. கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு நான் சொல்வது வயர்கார்டுதான். என்ன நடக்கிறதென்று ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

போர்ட்டைத் திறந்ததுமே லாக் கோப்பைப் பாருங்கள். நம் தளத்தில் இல்லாத வேர்ட்பிரஸ் உள்நுழைவுப் பக்கத்தைத் தேடி யார் யாரோ வந்திருப்பார்கள். பெரும்பாலும் பெயரைத் தெரிந்து வருபவர்கள் அல்ல; முகவரிகளை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள். ஆகவே இந்த வேலையைத் தொடங்குபவர்கள், மற்ற எதற்கும் முன்னால், ரூட்டரோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள், தொலைவிலிருந்து பைக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச்.சில் கடவுச்சொல்லை நிறுத்திவிட்டுச் சாவியை மட்டும் அனுமதியுங்கள்.