திரும்பி வர முடியாத வாடிக்கையாளர்

கண்டியிலும் கட்டுகஸ்தோட்டையிலும் கம்பளையிலும் வீட்டிலிருந்தபடியே கிரீமும் லிப்ஸ்டிக்கும் விற்கும் பெண்பிள்ளைகள் பலரை எனக்குத் தெரியும். சம்பளம் பத்தாத வீட்டில் பிள்ளையின் டியூஷன் காசு அந்தக் கைப்பையிலிருந்துதான் வருகிறது. இந்தத் தொழிலை யாராவது இளப்பமாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். பழைய தொழில் இது. அமெரிக்காவில் டேவிட் மெக்கானல் என்பவர் வீடு வீடாகப் புத்தகம் விற்றார். கூடவே இலவசமாகக் கொடுத்த வாசனைத் தைலத்தைத்தான் பெண்கள் விரும்பினார்கள். 1886இல் அவர் தொடங்கிய வியாபாரமே பின்னாளில் ஏவன் என்ற அழகுசாதனக் கம்பனி ஆனது.

ஆனால் வீட்டு விறாந்தையில் விற்பதும் திருவிழாக் கூட்டத்தில் மேசை போட்டு விற்பதும் ஒன்றல்ல. விறாந்தைக்கு வருகிறவளுக்கு உங்களைத் தெரியும். முகத்தில் கொப்புளம் கண்டால் மறுநாளே வந்து கேட்பாள். எசல பெரஹர பார்க்க வந்தவளும் மாத்தளை முத்துமாரியம்மன் தேருக்கு வந்தவளும் ராத்திரி பஸ்ஸில் ஊர் போய்விடுவார்கள். திரும்பி வந்து உங்களைக் கேட்க முடியாதவளிடம்தான் கூடுதல் நேர்மை வேண்டும், பிள்ளைகளே. நான் சொல்லப்போவது அத்தனையும் இதிலிருந்தே வருகிறது.

இடம் யாருடையதோ அவர்களிடம் முதலில் கேளுங்கள். நகரத் தெருவென்றால் மாநகர சபை, கோயில் வளவென்றால் பரிபாலன சபை. கம்பனி ஒப்பந்தத்தையும் வாசியுங்கள்; எல்லாக் கம்பனியும் சந்தையில் சாமான் அடுக்க விடுவதில்லை. உங்கள் பெயர், கம்பனி பெயர், தொலைபேசி இலக்கம் மூன்றும் மேசையில் தெரியட்டும். இந்தியாவில் 2021 கடைசியில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி விற்கிறவர் அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும், பேச்சின் தொடக்கத்திலேயே தான் யாரென்று சொல்ல வேண்டும். நல்ல விதி. இங்கே யாராவது வற்புறுத்தும்வரை நாம் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஒரே லிப்ஸ்டிக்கை வருகிறவர்கள் எல்லாரும் உதட்டில் வைத்துப் பார்க்க விடாதீர்கள். புறங்கையில் நிறம் காட்டினால் போதும், அதுவும் ஒரு தடவை பாவித்து வீசும் குச்சியால். மாத்தளை வெயிலில் உருகிய கிரீமை மறுநாள் விற்காதீர்கள்.

எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் ஒன்று உண்டு. "அக்கா, வெள்ளையாக ஏதும் இருக்கா?" என்று ஒரு தோட்டத்துப் பிள்ளை தயங்கித் தயங்கிக் கேட்பாள். கல்யாணப் பேச்சு நடக்கும் வயது. வெளுக்க வைக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தோலில் நிறம் உண்டாவதைத் தடுக்கும்; சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். தாயின் கையிலிருந்தும் துவாயிலிருந்தும் குழந்தைக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும், இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை 2020 முதல் 1 பிபிஎம்முக்கு (பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு) மேல் பாதரசம் உள்ள இத்தகைய பொருட்களைத் தடுத்தது. 2023இல் ஜெனீவாவில் கூடிய அதன் உறுப்பு நாடுகள் 2025உடன் அந்த அளவையும் விடாமல், பாதரசம் சேர்த்த அழகுசாதனங்கள் எல்லாவற்றையும் நிறுத்த முடிவெடுத்தன. போத்தலில் தயாரித்தவர் விலாசம் இல்லையா, நகையில் படவிடாதீர்கள் என்று எழுதியிருக்கிறதா, அதைத் தொடவே வேண்டாம். சந்தேகமில்லாத கிரீமே கையில் இருந்தாலும் "நிறம் கொஞ்சம் குறைவுதான், மகள்" என்று அவளிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. கூட்டத்தில் விழும் அந்தச் சொல்லை அவள் ஊர்வரை சுமந்து போவாள்.

பொய் சொல்லி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டமும் தடுக்கிறது. பற்றுச்சீட்டை அவள் கேட்குமுன்னே எழுதிக் கொடுங்கள். முறைப்பாட்டுக்கு அந்த அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்றும் சொல்லுங்கள். பயப்படாதீர்கள், அதைச் சொல்கிறவளிடம்தான் நான் வாங்குவேன்.

கடைசியில், வாங்க வந்தவளையே முகவராகச் சேர்க்கும் ஆசை வரும். சாமான் விற்றுக் கிடைக்கும் காசு வேறு. ஆளைச் சேர்த்துக் கிடைக்கும் காசு வேறு. சேர்கிற ஆட்களின் காசையே நம்பி ஓடும் பிரமிட் திட்டம் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் குற்றம். அதனால் கூட்டத்தின் நடுவே யாரிடமும் சேரும் காசு வாங்காதீர்கள். ஒப்பந்தத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். விற்காமல் மிஞ்சும் சாமானைக் கம்பனி திரும்ப எடுக்குமா, எடுக்காதா என்பதை அவள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.